செங்கால் நாரையையும் மண் பாக்டீரியாவையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி கேட்ட மாணவர் வகுப்புப் பணிக்காக இரண்டு உயிரினங்களை எடுத்திருக்கிறார். ஒன்று செங்கால் நாரை, மற்றது மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா. பெரியது, சிறியது, பல செல், ஒரு செல், பறக்கும், பறக்காது என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். அதைப் பார்த்த ஆசிரியர், "சரி, இதில் பரிணாமத்தில் முன்னேறியது எது?" என்று கேட்டிருக்கிறார். நாரை என்று எழுதத்தான் கை போகிறது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது, இவ்வளவு விலகியிருக்கும் இரண்டை ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா என்கிறார் மாணவர். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, உயிர்களில் மேல் கீழ் உண்டா என்பது. இன்னொன்று, மேல் கீழ் பார்க்காமல் ஒப்பிடுவதென்றால் எதை வைத்து ஒப்பிடுவது என்பது. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் படித்ததும் வேலை பார்த்ததும் நுண்ணுயிரியலில். பேசில்லஸோடு ஆய்வகத்தில் நெடுங்காலம் பழகியிருக்கிறேன். நாரையைப் பொறுத்தவரை, பறவை ஆய்வாளர்கள் எழுதுவதை ஆர்வத்தோடு தொடர்ந்து படிக்கிறவன், அவ்வளவுதான். கூட்டில் ஏறிக் குஞ்சின் காலில் வளையம் மாட்டிய அனுபவம் எனக்கு இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மேல் கீழ் விவகாரம். நாரைக்கும் பேசில்லஸுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்பதில் உயிரியலாளர்களிடையே சந்தேகம் இல்லை. இரண்டிலும் மரபுச் செய்தி டி.என்.ஏ.வில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற அதே குறியீட்டு முறைதான் இரண்டிலும். அதைப் படித்துப் புரதம் கட்டுவது ரைபோசோம், சக்தியைக் கைமாற்றுவது ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. இத்தனையும் தனித்தனியே இரண்டு முறை ஒரே மாதிரி தோன்றியிருக்கும் என்று நம்ப வழியில்லை. அந்த மூதாதை எப்போது வாழ்ந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 350 கோடி ஆண்டுக்கு முன் என்பவர்களும் உண்டு, 400 கோடியைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்று மாறாது: அந்த இடத்திலிருந்து இன்று வரை நாரையின் வம்சம் கடந்து வந்த காலமும் பேசில்லஸின் வம்சம் கடந்து வந்த காலமும் ஒன்றே. இன்றைய பேசில்லஸ் நாரையின் மூதாதை அல்ல. பழைய காலத்திலேயே நின்றுவிட்ட உயிரும் அல்ல. அது இன்றைய மண்ணுக்கு ஏற்ப இன்று வரை செதுக்கப்பட்டு வந்த உயிர். ஆகவே "எது முன்னேறியது" என்ற கேள்விக்கு "எதில்?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். ஆசிரியரும் அதை எதிர்பார்த்தே கேட்டிருக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நாரையின் செல்களுக்குள், செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அது மிகப் பழங்காலத்தில் வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல். அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அதன் ரைபோசோம்கள் பாக்டீரியா ரைபோசோம்களின் வழிவந்தவை. புரதம் கட்டத் தொடங்கும்போது அது பயன்படுத்தும் முதல் அமினோ அமிலத்தின் வடிவம்கூட பாக்டீரியாவில் இருப்பதுதான். ஆனால் அந்த விருந்தாளி பேசில்லஸின் கிளையைச் சேர்ந்ததல்ல. ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற வேறு கிளைக்கு நெருக்கமானது. எனவே "நாரை ஒரு பக்கம், பாக்டீரியா ஒரு பக்கம்" என்று நடுவில் கோடு போட்டால், அந்தக் கோடு நாரையின் உடம்புக்குள்ளேயே ஓடும்.

அளவு பற்றிய வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாரை நின்றால் ஒரு மீட்டர் உயரம், இறக்கையை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர், எடை இரண்டரையிலிருந்து நாலரை கிலோ. பேசில்லஸ் செல் இரண்டு முதல் நான்கு மைக்ரோமீட்டர் நீளமுள்ள சிறு குச்சி. எடையில் நாரை பத்து கோடி கோடி மடங்குக்கும் மேல். ஆனால் மரபுச் செய்தியில் வித்தியாசம் அந்த அளவுக்கு இல்லை. பேசில்லஸின் முழு டி.என்.ஏ. வரிசையும் 1997இல் படிக்கப்பட்டது: சுமார் 42 லட்சம் எழுத்துகள், புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 4,100. பறவைகளுக்குப் பொதுவாக 100 முதல் 130 கோடி எழுத்துகள், மரபணுக்கள் 15,000க்கும் 20,000க்கும் இடையில். எழுத்துகளில் கிட்டத்தட்ட முந்நூறு மடங்கு, மரபணுக்களில் நாலைந்து மடங்குதான். நாரையின் சிக்கலான உடம்பு மரபணுக்களின் எண்ணிக்கையிலிருந்து வந்ததல்ல. எந்த மரபணு எப்போது, எந்தச் செல்லில் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்துதான் அதன் பெரும்பகுதி வருகிறது.

இந்த இரண்டையும் ஒப்பிட நான் எடுப்பது ஒரே ஒரு கேள்வி: உணவு தீர்ந்துபோகும் காலத்தை இது எப்படித் தாண்டுகிறது? நாரை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பேசில்லஸ் அதே இடத்தில் இருந்துகொண்டு வேறு காலத்துக்குப் போய்விடுகிறது. இதை நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

ஐரோப்பாவில் கூடு கட்டும் செங்கால் நாரைகளுக்குக் கோடையில் வெட்டுக்கிளி, மண்புழு, தவளை, எலி என்று உணவுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும். ஆகஸ்டு வாக்கில் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகின்றன. கனத்த உடம்பை இறக்கை அடித்தே நெடுந்தூரம் கொண்டுபோனால் சக்தி பெரிதும் செலவாகும். அதனால் வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்கின்றன, பிறகு அடுத்த எழுகாற்று வரை சறுக்கிக்கொண்டே போகின்றன. அப்படிப்பட்ட எழுகாற்று கடல்மேல் போதுமான அளவு உருவாவதில்லை. ஆகவே மத்தியதரைக் கடலை நேராகக் கடக்காமல், மேற்கே இருப்பவை சுமார் 14 கிலோமீட்டர் அகலமுள்ள ஜிப்ரால்டர் நீரிணை வழியாகவும், கிழக்கே இருப்பவை பாஸ்பரஸ் நீரிணை வழியாகத் துருக்கி, இஸ்ரேல், எகிப்து என்றும் சுற்றிப் போகின்றன. கிழக்கு வழிக்காரர்களில் சில தென்னாப்பிரிக்கா வரை, ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் போகின்றன.

இது ஊகம் அல்ல என்று எப்படித் தெரியும்? 1822இல் ஜெர்மனியின் வடபகுதியில் க்ளூட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்காவில் செய்த ஈட்டி ஒன்று குறுக்காகப் பாய்ந்திருந்தது. அந்த ஈட்டியோடுதான் அது அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. பாடம் செய்யப்பட்ட அந்தப் பறவை இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்டிக் கடலோரம் ரோசிட்டன் என்ற இடத்தில் யோஹான்னஸ் தீன்மான் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டத் தொடங்கினார். இப்போது முதுகில் மாட்டும் சிறு கருவிகள் செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்கின்றன. வலசை நடக்கிறது என்பதும் அதன் வழிகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

குஞ்சுக்கு வழி பிறப்பிலேயே தெரியுமா, பெரியவற்றைப் பார்த்துக் கற்கிறதா என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு நேரடியானதல்ல. 1930களில் எர்ன்ஸ்ட் ஷூட்ஸ் கிழக்கு வழியைச் சேர்ந்த இளம் நாரைகளை ஜெர்மனியின் மேற்குப் பகுதிக்குக் கொண்டுபோனார். உள்ளூர் நாரைகள் கிளம்பிப் போன பிறகு அவற்றை விட்டார். அவை தங்கள் சொந்த ஊரில் இருந்திருந்தால் பிடிக்க வேண்டிய அதே தென்கிழக்குத் திசையில் பறந்தன. உள்ளூர்க் கூட்டம் இருக்கும்போதே விடப்பட்ட இளம் நாரைகளோ பெரும்பாலும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. எனவே திசை பிறவியிலேயே ஓரளவு இருக்கிறது, துணை கிடைத்தால் அதை மீறவும் செய்கின்றன. இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதில் இன்னும் முடிவு இல்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 27 இளம் நாரைகளைக் கருவி மாட்டித் தொடர்ந்தார்கள். கூட்டமாகப் பறக்கும்போது சில முன்னால் போய் எழுகாற்றைக் கண்டுபிடிக்கின்றன, மற்றவை பின்தொடர்கின்றன. பின்தொடர்கிறவை அதிகம் இறக்கை அடிக்கின்றன, அவை ஆப்பிரிக்கா வரை போகாமல் ஐரோப்பாவிலேயே நின்றுவிடுகின்றன. பயணம் தொடங்கிய முதல் சில நிமிடங்களின் பறப்பை வைத்தே ஒரு பறவை எவ்வளவு தூரம் போகும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு.

அப்புறம் பேசில்லஸ். மண்ணில் உணவு தீரும்போது அது உடனே ஸ்போர், அதாவது தடித்த உறைக்குள் உறங்கிக் கிடக்கும் செல், ஆகிவிடுவதில்லை. முதலில் நீந்தி வேறு இடம் தேடும், நொதிகளைச் சுரந்து சிதைக்க முடிந்ததைச் சிதைத்துத் தின்னும். கூட்டாகப் படலமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. சில செல்கள் வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும். இவை எதுவும் பலிக்காதபோதுதான் ஸ்போர். அதைத் தொடங்கிவைக்கும் முக்கியப் புரதம் ஸ்போ-ஜீரோ-ஏ. பசி, நெரிசல், டி.என்.ஏ. பழுதின்றி இருக்கிறதா என்பது போன்ற பல செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாஸ்பேட் கைமாறும் சங்கிலி ஒன்றின் வழியாக இந்தப் புரதத்துக்கு வந்து சேர்கின்றன.

முடிவெடுத்ததும் செல் வழக்கம்போல நடுவில் பிரியாமல் ஓர் ஓரத்தில் தடுப்பு எழுப்புகிறது. ஒரு பக்கம் பெரிய தாய் செல், மறுபக்கம் சின்ன அறை. தடுப்பு விழும்போது அந்தச் சின்ன அறைக்குள் குரோமோசோமின் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மீதியைத் தடுப்பில் உள்ள ஒரு புரதம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு தாய் செல் அந்தச் சின்னதைச் சுற்றி வளைத்துத் தனக்குள் விழுங்கி, அதன்மேல் அடுக்கடுக்காக உறைகளைக் கட்டுகிறது. உள்ளே நீர் குறைகிறது, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்கின்றன, டி.என்.ஏ.வைச் சிறு புரதங்கள் போர்த்துகின்றன. ஏழெட்டு மணி நேரத்தில் ஸ்போர் தயார். தாய் செல் அப்போது சிதைந்து இறந்துபோகிறது. பாதிக்கு மேல் போனபின் உணவு வந்தாலும் திரும்ப முடியாது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் அட்டவணையில் "ஒரு செல் உயிர், பல செல் உயிர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாரையின் உடம்பில் அடுத்த தலைமுறைக்குப் போவது முட்டையும் விந்தும் மட்டுமே. இறக்கை, அலகு, சிவந்த கால்கள் எல்லாம் அந்தச் சில செல்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்துவிட்டு மடிகின்றன. ஸ்போர் செய்யும் பேசில்லஸிலும் அதே பிரிவினை இரண்டே செல்களில் நடக்கிறது: ஒன்று சுமந்து இறப்பது, மற்றொன்று தொடர்வது. அந்த இரண்டு செல்களிலும் இருக்கும் டி.என்.ஏ. அடிப்படையில் ஒன்றுதான், ஆனால் வேறு வேறு மரபணுக்கள் இயங்குகின்றன. இந்தப் பிரிவினை நாரையின் வம்சத்திலும் பேசில்லஸின் வம்சத்திலும் தனித்தனியாக உருவானது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்ததல்ல. அதனாலேயே இது உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டிய வரிசை என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஒற்றுமை சற்றுக் கசப்பானது. 2003இல் ஒரு விஷயம் தெரியவந்தது: ஸ்போர் ஆகும் பாதையில் இறங்கிய பேசில்லஸ் செல்கள், இன்னும் அந்தப் பாதையில் இறங்காத உடன்பிறப்புச் செல்களைக் கொல்லும் பொருள்களை வெளிவிட்டு, உடைந்த செல்களிலிருந்து வரும் சத்தை உண்டு, தாங்கள் ஸ்போர் ஆவதைத் தள்ளிப்போடுகின்றன. செங்கால் நாரை வழக்கமாக நாலு முட்டை இடும். எல்லா முட்டையும் இட்டு முடிப்பதற்குள்ளேயே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிகின்றன, கடைசிக் குஞ்சு சின்னதாக இருக்கும். பெற்றோரே அந்தச் சின்னக் குஞ்சைக் கொன்றுவிடுவது, சில சமயம் தின்றுவிடுவது பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பேசில்லஸில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் தன் அச்சு நகல். நாரைக் குஞ்சு பெற்றோரோடு பாதி மரபைத்தான் பகிர்கிறது. லாப நஷ்டக் கணக்கு வேறு. பஞ்சத்தில் குடும்பத்துக்குள்ளேயே கை வைப்பது இரண்டிலும் இயற்கைத் தேர்வால் நிலைத்திருக்கலாம் என்பது நியாயமான கருத்து. நாரையில் அது எவ்வளவு தூரம் பயன் தருகிறது என்பதை நிரூபிப்பது கடினம்.

சரி, ஸ்போர் எவ்வளவு காலம் காத்திருக்கும்? உறுதியானதைச் சொல்கிறேன். 1876இல் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்தும் இந்தப் பாக்டீரியா பிழைத்து எழுவதற்குக் காரணம் இந்த ஸ்போர்கள்தான் என்று காட்டினார். 1984 முதல் 1990 வரை பூமியைச் சுற்றிய ஒரு செயற்கைக்கோளில் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் வைக்கப்பட்ட பேசில்லஸ் ஸ்போர்களில், புற ஊதாக்கதிர் நேரடியாகப் படாதவற்றில் கணிசமான பகுதி உயிரோடு திரும்பியது. பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த ஸ்போர்கள் முளைப்பது ஆய்வகங்களில் சாதாரணம். 2014இல் எடின்பரோவில் உலர்ந்த பேசில்லஸ் ஸ்போர்களைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து 500 ஆண்டுகளுக்கு அவ்வப்போது திறந்து பார்க்கும் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. அதை முடிக்கப்போவது இன்னும் பிறக்காதவர்கள்.

உறுதியில்லாதது இதற்கு மேலே போவது. 1995இல் அம்பர் பிசினில் சிக்கிய தேனீயின் வயிற்றிலிருந்து 2.5 முதல் 4 கோடி ஆண்டுப் பழமையான ஸ்போரை முளைக்கவைத்ததாகவும், 2000இல் 25 கோடி ஆண்டுப் பழமையான உப்புப் படிகத்திலிருந்து பேசில்லஸ் போன்ற ஒன்றை வளர்த்ததாகவும் ஆய்வுகள் வெளிவந்தன. செய்தவர்கள் கவனமாகவே செய்தார்கள். ஆனாலும் இன்றைய பாக்டீரியா எங்கும் இருக்கிறது, ஒரே ஒரு ஸ்போர் உள்ளே நுழைந்தாலும் முடிவு தலைகீழாகிவிடும். உறங்கும் ஸ்போரில் டி.என்.ஏ.வைப் பழுது பார்க்கும் வேலை நடப்பதில்லை, ஆனால் இயற்கைக் கதிர்வீச்சின் சேதம் சேர்ந்துகொண்டே போகும். கோடி ஆண்டு என்ற எண்ணை நான் அட்டவணையில் எழுதமாட்டேன்.

நாரை திரும்பக் கிளம்ப வேண்டிய காலத்தைப் பகலின் நீளமும் உடம்புக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரமும் சொல்கின்றன. உலர்ந்து கிடக்கும் ஸ்போருக்கு யார் சொல்வது? சில அமினோ அமிலங்கள், சர்க்கரைகள் போன்றவற்றை உணரும் புரதங்கள் அதன் உட்படலத்தில் இருக்கின்றன என்பது வெகுநாளாகத் தெரியும். 2022இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. முளைக்கப் போதாத அளவு சத்து கொஞ்ச நேரம் வந்து போனாலும், ஸ்போருக்குள் முன்பே சேர்த்துவைக்கப்பட்ட பொட்டாசியம் அயனிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியேறுகின்றன. இப்படிச் சில முறை நடந்ததும் விழிப்பதற்கான தடை குறைந்துவிடுகிறது. அதாவது வளர்சிதை மாற்றம் நின்றுபோன நிலையிலும் அது வெளியே நடப்பதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இடம் மாறும் வழியானாலும் காலம் தாண்டும் வழியானாலும் இரண்டுக்கும் பெருஞ்செலவு உண்டு. தேவை போனால் அந்த வழியும் போகும். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் குப்பை மேடுகளில் ஆண்டு முழுவதும் உணவு கிடைக்கத் தொடங்கியதும், 1980களிலிருந்து மேற்கு வழியைச் சேர்ந்த பல நாரைகள் ஆப்பிரிக்கா போவதையே நிறுத்திவிட்டன. பேசில்லஸை ஆய்வகத்தில் பசியே தெரியாமல் 6,000 தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குழுக்கள் ஸ்போர் செய்யும் திறனை இழந்தன. பார்க்க ஒரே கதை போல இருக்கும். உள்ளே நடந்தது வேறு. பேசில்லஸில் மரபணுக்களே பழுதாகின. திரும்பி வருவது கடினம். நாரைகளில் பெரும்பாலும் நடத்தை மாறியிருக்கிறது. அங்கே குளிர்காலத்தைக் கழிப்பவற்றில் வயது வந்தவைதான் அதிகம், இளசுகளில் பல இன்னும் ஆப்பிரிக்கா போகின்றன. மரபிலும் ஏதாவது மாறுகிறதா என்பதற்குத் தெளிவான பதில் வர இன்னும் பல தலைமுறை நாரைகள் வேண்டும்.

தலைமுறை என்றதும் ஓர் எச்சரிக்கை. பேசில்லஸ் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். சத்து நிறைந்த குழம்பில், 37 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டத்தோடு குலுக்கும்போது வரும் எண் அது. அதே வேகத்தில் ஒரு செல் இரண்டு நாள் பெருகினால் 144 தலைமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள், வரும் செல்களின் எடை பூமியின் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். மண்ணில் அப்படி நடப்பதில்லை. அங்கே அது பெரும்பாலும் பசியிலோ உறக்கத்திலோ இருக்கிறது. செங்கால் நாரை சுமார் நாலு வயதில் முதல் முறையாகக் கூடு கட்டுகிறது, 33 நாள் போல அடைகாக்கிறது, குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம், முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு. இந்த எண்கள் வெளியில் அளந்தவை. பேசில்லஸின் 20 நிமிடம் குடுவையில் அளந்தது. இரண்டையும் அடுத்தடுத்த கட்டத்தில் குறிப்பில்லாமல் போட்டால் அட்டவணை பொய் சொல்லும்.

தலைமுறைக்கு எத்தனை புது மாற்றம் வருகிறது என்பது அதைவிட நல்ல ஒப்பீடு. பேசில்லஸில் அளந்த சடுதிமாற்ற விகிதப்படி சுமார் 700 பிரிவுகளில் ஒருமுறைதான் ஓர் எழுத்து மாறுகிறது. வேறு பறவைகளில் அளந்த விகிதத்தை நாரைக்குப் பொருத்தினால் ஒவ்வொரு குஞ்சும் சுமார் பத்துப் புது மாற்றங்களோடு பிறக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பாக்டீரியாதான் கவனமாக நகலெடுக்கிறது. வேகமாக மாறுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதன் எண்ணிக்கை. 2004–05 கணக்கெடுப்பில் உலகம் முழுவதும் சுமார் 2,30,000 ஜோடி செங்கால் நாரைகள்தான் கூடு கட்டின. ஒரு பிடி மண்ணில் எல்லா வகையும் சேர்த்து அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பாக்டீரியா இருக்கும்.

"இனம்" என்ற வரிசையிலும் ஒரு குறிப்பு போடுங்கள். நாரையில் இனம் என்பது தங்களுக்குள் இணைந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டம். பேசில்லஸ் இணைவதில்லை, பிரிகிறது. ஆனால் பிறருடைய டி.என்.ஏ.வை விழுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. வரிசை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு எளிதாகச் சேரும், விலக விலக வேகமாகக் குறையும். நடைமுறையில் இரண்டு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. சராசரியாக 95 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே இனம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இது வசதிக்காக வைத்த எல்லை, சர்ச்சை தீரவில்லை. புது பாக்டீரியா இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அதன் உயிருள்ள வகைமாதிரியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். பறவைக்கு அருங்காட்சியகத்தில் பாடம் செய்த உடல் போதும். சப்டிலிஸில் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது 168 என்ற வகை. 1940களில் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கி உருவாக்கப்பட்ட வகையின் வழிவந்தது அது. பல பத்தாண்டு ஆய்வக வாழ்க்கையில் பழகிப்போனது. மண்ணிலிருந்து புதிதாக எடுத்தவை போல அழகான படலம் கட்டாது. எனவே "மண் பாக்டீரியா இப்படிச் செய்கிறது" என்று நாங்கள் எழுதுவதில் ஒரு பகுதி உண்மையில் ஆய்வகப் பாக்டீரியா செய்வது.

கடைசியாக, இந்த இரண்டும் சந்திக்கும் இடம். நாரை மண்புழுவை விழுங்கும்போது மண்ணும் ஸ்போரும் சேர்ந்தே உள்ளே போகின்றன. அதன் கூடு குச்சி, புல், மண், சாணம் எல்லாம் ஆண்டுதோறும் மேலும் மேலும் சேர்ந்து சில நூறு கிலோ வரை போகும். பேசில்லஸ் குடும்பத்துக்கு அது வசதியான இடம். 1999இல் சப்டிலிஸின் நெருங்கிய உறவான பேசில்லஸ் லைகெனிஃபார்மிஸ் பல காட்டுப் பறவைகளின் இறகில் இருப்பதாகவும், அது இறகை ஆக்கும் கெரட்டின் என்ற புரதத்தைச் சோதனைக் குழாயில் சிதைப்பதாகவும் காட்டினார்கள். கறுப்பு நிறமி உள்ள இறகு வெள்ளை இறகைவிட அதை அதிகம் எதிர்க்கிறது என்று பிறகு வந்த சோதனை சொன்னது. செங்கால் நாரையின் உடல் வெள்ளை, பறக்கும் இறகுகள் கறுப்பு. உடனே இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். பொறுங்கள். கறுப்பு நிறமி இறகைத் தேய்மானத்திலிருந்தும் காக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் பல வெண்பறவைகளின் இறக்கை நுனி கறுப்பாக இருப்பதற்கு அந்தக் காரணமே போதும். அதோடு ஈரமும் வெப்பமும் உள்ள குழாயில் நடப்பது, வெயிலில் காய்ந்து, அலகால் கோதி, எண்ணெய் பூசப்படும் உயிருள்ள பறவையின் இறகில் நடக்கிறதா என்பது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. அட்டவணையில் இதைச் சேர்ப்பதானால் "சோதனைக் குழாயில் உறுதி, பறவையின் மேல் உறுதியில்லை" என்று எழுதுங்கள்.

ஆசிரியரின் கேள்விக்கு, "முன்னேறியது என்று சொல்ல அளவுகோல் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, பெரியது சிறியது வரிசைகளை எடுத்துவிட்டு இந்த ஐந்தை வையுங்கள்: பசிக்காலத்தைத் தாண்டும் வழி, அதற்கு யார் உயிர் கொடுக்கிறார்கள், திரும்பும் நேரம் எப்படித் தெரிகிறது, தேவை போனால் என்ன ஆகிறது, தலைமுறைக்கு எத்தனை மாற்றம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வெளியில் அளந்ததா, ஆய்வகத்தில் அளந்ததா என்று குறித்துவிடுங்கள்.